சீட்டில் சிரட்டைக் கரி

ஷார்ஜா க்ரீக்கில் மூன்றாம் வரிசையில்
நேற்றிரவு வந்து கட்டிய லாஞ்ச்.
ஆட்டு மூத்திரமும் டீசலும் கலந்த வாடை.
மூவாயிரத்து நானூறு மூட்டை.
சரக்குச் சீட்டில் 'சிரட்டைக் கரி' என்றிருக்கிறது.

நான் எண்ணுகிறவன்.
நாலு கோடு நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும்.
அப்படியே பக்கம் பக்கமாக.

ஆனாலும் கைக்குத் தெரிந்துவிடுகிறது.
சிரட்டைக் கரி ஓட்டாஞ்சில்லு போலச் சலசலக்கும்.
இது கணீரென்று உலோகம் பேசுகிறது.
முதுகுளத்தூர்ப் பக்கம் மூட்டம் போட்ட குடும்பம் எங்களுடையது.
கரி விஷயத்தில்
காகிதம் என்னிடம் பொய் சொல்ல முடியாது.

ஒரு மூட்டை தையல் விட்டுக் கொட்டியது.
தொடைத் தடிமனில் ஒரு துண்டு.
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
எரிந்த பிறகும் வளையங்கள் கலையவில்லை.
ஓரத்தில் ஒரு பொந்து,
உள்ளே எந்தக் குருவி இருந்ததோ.
நகத்தால் எண்ணத் தொடங்கினேன், பழக்கதோஷம்.
அறுபத்தொன்று வரை வந்திருப்பேன்,
போர்மேன் சாத்தையா கத்தினான்:
"மூட்டைய எண்ணுய்யா, மரத்த எண்ணாத."

லாஞ்சின் சமையல்காரன் வர்சமே
ஏணிப்பலகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான்.
பாதி அரபி, பாதி இந்தி, மீதி கை.
எந்த மரம் என்று கேட்டேன்.
உள்ளங்கையைத் தலைக்குமேல் தட்டையாகப் பிடித்தான்:
குடை.

முதலில் மழை நின்றதாம். ஆடு செத்ததாம்.
ஆடு செத்த வீட்டில் மிஞ்சியது கோடாரி.
ஒரு தெரு வெட்டியது, பிறகு ஊர் வெட்டியது,
பிறகு துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வந்து
எல்லாரையும் வெட்டச் சொன்னார்கள்.
அப்புறம் ஒருநாள் மழை வந்தது.
பிடித்து நிறுத்த ஒரு வேர் இல்லை.
மண்ணையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டது.
கடைசியாகப் பார்த்தபோது
அண்ணன் லாரிக்கு அடியில்
ஒட்டகம் ஒன்று நிழலுக்குப் படுத்திருந்ததாம்.
வண்டியை எடுக்க ஒரு மணி நேரம் ஆனதாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நாங்கள் வெட்டியது சீமைக் கருவேலம்.
வெட்ட வெட்டத் துளிர்க்கிற வெட்கங்கெட்ட மரம்.
அதனால் கோடாரியின் மேல்
எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.
உங்கள் மரம் துளிர்க்குமா என்றேன்.
வெங்காயத்தைக் கீழே வைத்தான்.
"வாஹித்" என்று ஒரு விரலைக் காட்டினான்.
ஒரு தடவைதான்.

ராத்திரி கடற்கரைச் சாலையில் டெலிவரி.
பதினெட்டு மூட்டை, பின்வாசல் வழியாக.
முன்வாசலில் பையன் ஒருவன்
இடுக்கியில் கங்கைப் பிடித்து
மேசை மேசையாக ஹுக்காவின் தலையில் வைக்கிறான்.
ஒரு கங்கு நாற்பது நிமிஷம் தாங்கும் என்றான், பெருமையாக.
அறுபத்தொன்றை நாற்பதால் வகுக்கப் பார்த்தேன்.
வருஷத்தை நிமிஷத்தால் எப்படி வகுப்பது?
காற்றில் ஆப்பிள் வாசனை.

எதிரே ரவுண்டானாவில் ஒரு காஃப் மரம்.
சுற்றிலும் கம்பி வேலி, காலடியில் சொட்டு நீர்க் குழாய்,
கிளையை ஒடித்தால் அபராதம் என்று பலகை.
நல்லதுதான்.
நம் ஊரில் அதன் பெயர் வன்னி.
அகராதியில் வன்னிக்குத் தீ என்றும் பொருள்.
ஒரே சொல்லை மரத்துக்கும் நெருப்புக்கும் வைத்தவர்கள் நாம்.
எந்தக் கரையில் எந்தப் பொருள் என்பதை
வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள்.

சீட்டில் குறிப்பு என்றொரு கட்டம் உண்டு.
பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.
விசா புதுப்பிக்கிற மாதம்.
'எண்ணிக்கை சரி' என்று எழுதினேன்.

லாஞ்ச் வெறுங்கையோடு திரும்பாது.
வியாழக்கிழமை காலை ஏற்றினார்கள்:
பழைய டயர், பிஸ்கட் பெட்டி, அரிசி, தண்ணீர் டிரம்,
அப்புறம் கட்டுக் கட்டாக நீலத் தார்ப்பாய்.
இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.
வர்சமே உள்ளங்கையைத் தலைக்குமேல்
தட்டையாகப் பிடித்தான்.

இருநூற்றுப் பத்துக் கட்டு.
எண்ணினேன்.